நாலாவது பாட்டு

ஜெர்மனியின் எசன் நகரத்துத் தமிழர்களில் ஜசிந்தாவின் முகத்தை அறியாதவர்கள் இருக்கலாம். குரலை அறியாதவர்கள் இல்லை. திருமணப் பூசையோ, அடக்கமோ, பிள்ளைகளின் முதல்நன்மைச் சடங்கோ, எதுவென்றாலும் ‘ஜசிந்தா அக்காவைக் கேட்டாச்சோ’ என்பதுதான் முதல் பேச்சாக இருக்கும். கனத்த குரல். அடிவயிற்றில் இருந்து கிளம்பும். மேலே ஏறும்போது லேசாகக் கரகரக்கும். சைவக் குடும்பங்கள்கூடச் செத்தவீட்டில் பாட அவளைக் கூப்பிடுவார்கள். எந்தச் சாமியின் பெயரைச் சொன்னாலும் அவள் பாடினால் கல்லும் அழும் என்று பெயர்.

அவ்வளவு பெரிய குரலுக்குச் சொந்தக்காரி சரியான பயந்தவள். வாசல் மணி அடித்தால் கதவின் கண்ணாடித் துளையில் நெடுநேரம் பார்ப்பாள். சீருடை கண்டால் தெருவின் மறுபக்கம் போய்விடுவாள். யாழ்ப்பாணத்துக் குருநகரில் பிறந்து, கலியாணமான கையோடு எண்பத்தைந்தில் கணவன் லோறன்ஸுடன் கிழக்கு பெர்லின் வழியாக வந்தவள். ஜெர்மனிக்கு வந்து இருபது வருடம் கடந்த பிறகும், யாரோ ஒருவன் வந்து ‘போதும், கிளம்பு’ என்று சொல்லிவிடுவான் என்ற எண்ணம் அவளை விட்டுப் போகவில்லை. லோறன்ஸுக்குப் பாண் சுடும் தொழிற்சாலையில் வேலை. அவளுக்கு ஒரு முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில். ஒரே மகன் ஆஹன் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தான்.

சலவைப் பகுதியில் அவள் முணுமுணுப்பதைக் கேட்ட ஜெர்மன் தாதி ஒருத்தி, ஒருநாள் தன் தேவாலயத்துக் கொஸ்பல் பாடகர் குழுவுக்கு இழுத்துக்கொண்டு போனாள். ஆங்கிலச் சொற்களைத் தமிழில் எழுதி வைத்து ஜசிந்தா அங்கே பாடினாள். முதல் மாதமே தனிக்குரலுக்கு அவளை முன்னால் நிறுத்திவிட்டார்கள். அந்தக் குழுவை நடத்திய கிழவர் பியானோ வாசித்தபடியே கதை சொல்வார். இவை அமெரிக்காவில் அடிமைகளாக விலைக்கு வாங்கப்பட்டு, விற்கப்பட்ட மனிதர்களின் பாட்டுகள் என்று சொன்னார். தோட்டத்தில் சவுக்கடி பட்டவர்கள் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாடியவை. அதுவரை கோயில் பாட்டு என்றால் கடவுளைப் புகழ்வது என்றுதான் ஜசிந்தா நினைத்திருந்தாள். நடந்த அநியாயத்தைக் கடவுளின் முகத்துக்கு நேரே சொல்வதும் கோயில் பாட்டுத்தான் என்பது அவளுக்குப் புதிதாக இருந்தது.

அதன் பிறகுதான் அவள் சொந்தமாகப் பாட்டுக் கட்டத் தொடங்கினாள். அவர்கள் குடியிருந்த மாடிக் கட்டடத்தின் நிலவறையில் எல்லாக் குடும்பங்களுக்கும் பொதுவாக ஒரு துணி துவைக்கும் அறை இருந்தது. உடுப்பைப் போட்டுவிட்டு, இயந்திரம் சுற்றுகிற சத்தத்துக்குள் தன் குரலை ஒளித்துப் பாடிப் பார்ப்பாள். கடலுக்குப் போகத் தடை விதிக்கப்பட்ட மீனவர்களைப் பற்றி ஒன்று வந்தது. இரண்டாவது, மேல்மாடியில் அகதிகளாக இருந்த கொசோவோக் குடும்பத்தைப் பற்றியது. விடியக் காலையில் பொலிஸ் வந்து அவர்களை விமான நிலையத்துக்கு ஏற்றிக்கொண்டு போய்விட்டது. பிள்ளைகளின் பள்ளிப் பைகள் மாடிப்படியில் கிடந்ததை ஜசிந்தா தன் கண்ணால் பார்த்திருந்தாள். மூன்றாவது புஸ்பவதிக்காக. கெல்சென்கிர்ச்சனில் இருந்த புஸ்பவதி அவளுடைய வேலைத்தலத் தோழி. புஸ்பவதியின் தம்பியைக் கொழும்பில் வெள்ளை வான் வண்டியில் வந்தவர்கள் கொண்டுபோனார்கள். பிறகு ஒரு தகவலும் இல்லை.

நாலாவது பாட்டு அவளுடைய சொந்த வீட்டில் இருந்து வந்தது.

அவளுடைய அக்கா பிலோமினா இலங்கையில், போராடும் இயக்கத்தின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னியில் இருந்தாள். பேசுவதென்றால் பிலோமினா தொலைபேசிக் கடைக்கு வந்து காத்திருக்க வேண்டும். சுற்றிவரப் பத்துப் பேர் காது கொடுத்துக்கொண்டு நிற்பார்கள். இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு மாரி தொடங்கியபோது வந்த அழைப்பில் பிலோமினா சுகம் விசாரித்தாள், மழையைப் பற்றிச் சொன்னாள், பிறகு சாதாரணமாக, “அனிற்றா பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போயிட்டாள்” என்றாள்.

அனிற்றா பிலோமினாவின் கடைசி மகள். பதினாறு வயது. ஜெர்மனியில் இருந்தபடியே, ஞானஸ்நானத்தில் ஜசிந்தாதான் அவளுக்கு ஞானத்தாய் ஆனாள். எந்தப் பள்ளிக்கூடம் என்று ஜசிந்தா சந்தோஷமாகவே கேட்டாள். பிலோமினா திரும்பவும் மழையைப் பற்றியே சொன்னாள். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அந்தப் பகுதியில் வீட்டுக்கு ஒரு பிள்ளை போரிடப் போகவேண்டும் என்று இயக்கத்துக்காரர் கேட்டு வருகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. காலையில் தலை வாரிக்கொண்டிருந்தபோது வந்தார்கள், ஒரு பக்கம் பின்னி முடிந்திருந்தது, மறுபக்கம் பின்ன விடவில்லை என்று பிலோமினா மெல்லச் சொன்னாள். காசு முடிந்து இணைப்பு அறுந்துவிட்டது.

ஜசிந்தா அந்த மாதம் முழுக்க ஒழுங்காகச் சாப்பிடவில்லை. இதை எசனில் யாரிடமும் சொல்ல முடியாது. அரசாங்கம் செய்கிற அநியாயத்தைப் பற்றி உரக்கப் பேசலாம், ஊர்வலம் போகலாம், தீச்சட்டி மாதிரிக் கோபத்தைத் தூக்கிக்கொண்டு நடக்கலாம். நம் பக்கத்து அநியாயத்தை வாயில் எடுத்தால் மறுநாள் துரோகி. அதனால் அவள் துணி துவைக்கும் அறைக்குப் போனாள். ‘ஒரு பக்கம் பின்னல், ஒரு பக்கம் விரிகூந்தல், வாசலில் வந்து நிற்பது ஆர் அம்மா’ என்று பாட்டுத் தானாக வந்தது.

எட்டுப் பாட்டுச் சேர்ந்ததும், சீடி இறுவட்டாகப் போடலாம் என்று சொன்னவள் புஸ்பவதிதான். பதிவு செய்தது தபோதரன். கலியாண வீடுகளில் கீபோர்ட் வாசிக்கிறவர், நாற்பது வயதை எட்டியவர். கெல்சென்கிர்ச்சனில் தன் வீட்டின் கீழ்த்தளத்தில் ஒரு சிறிய ஒலிப்பதிவு அறை வைத்திருந்தார். நாலாவது பாட்டை ஜசிந்தா பாடி முடித்ததும் தபோதரன் கொஞ்ச நேரம் காதில் இருந்த கருவியைக் கழற்றவே இல்லை. பிறகு, இது வெளியே வந்தால் தன்னை ஒரு கலியாணத்துக்கும் கூப்பிட மாட்டார்கள் என்று சொன்னார். சொல்லிவிட்டு, இன்னொரு தடவை பாடச் சொன்னார். இரண்டாவது தடவைதான் நன்றாக வந்தது.

தொலைபேசி அழைப்புகள் தைப்பொங்கல் கழிந்து தொடங்கின.

முதலில் யாரும் பேசவில்லை. எண் தெரியாது. எடுத்தால் ஒரு அறையின் சத்தம் கேட்கும். கோப்பை வைக்கிற சத்தம், கதிரை இழுபடுகிற சத்தம். பிறகு வைத்துவிடுவார்கள். லோறன்ஸ் யாரோ பிழையாக அழைக்கிறார்கள் என்றார். ஒரு சனிக்கிழமை ஜசிந்தா சமையல் செய்துகொண்டிருந்தபோது மணி அடித்தது. கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தாள். ஒரு பெண் பாடிக்கொண்டிருந்தாள். ஒரு பக்கம் பின்னல், ஒரு பக்கம் விரிகூந்தல். தன் குரல்தான் அது என்று அவளுக்கு விளங்கச் சில நொடி பிடித்தது. இறுவட்டு இன்னும் அச்சுக்கே போகவில்லை. பாட்டு முழுக்க ஓடி முடிந்தது. இறுதியில் ஒரு ஆண், மரியாதையாக, “வடிவாப் படிச்சிருக்கிறியள் அக்கா” என்று பாடியதைப் பாராட்டிவிட்டு அழைப்பைத் துண்டித்தான்.

அடுப்பில் மரக்கறி கருகி, புகை எச்சரிக்கைக் கருவி கத்தத் தொடங்கிய பிறகுதான் அவள் அசைந்தாள்.

தபோதரனைக் கேட்டபோது, கருத்துக் கேட்பதற்காக ஒரு நண்பருக்குப் பிரதி கொடுத்ததாகச் சொன்னார். அந்த நண்பர் யாரிடம் கொடுத்தார் என்று தெரியாது.

அதற்குப் பிறகு ஜசிந்தா நிலவறைக்குப் போகவில்லை. அழுக்குத் துணி குளியலறையில் குவிந்தது. லோறன்ஸ் வேலையால் வந்து கூடையைத் தூக்கிக்கொண்டு இறங்குவார். மாடிப்படி விளக்கு தானாக அணைகிற வகை. படியின் நடுவில் அது அணைந்துவிட்டால் அவள் சுவரில் கையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிடுவாள். ட்ராமில் எப்போதும் கதவுக்குப் பக்கத்தில் நின்றாள். பின்னால் தமிழ் கேட்டால் அடுத்த தரிப்பிலேயே இறங்கிவிட்டாள். தன்னை யாராவது அடித்துவிடுவார்கள் என்பதல்ல அவளுடைய பயம். அதுவாக இருந்தால் தாங்கியிருப்பாள். வன்னியில் ஏதோ ஒரு காட்டுக்குள் ஒரு பிள்ளை இருக்கிறாள். இங்கே தன் வாயில் இருந்து போகும் ஒரு சொல் அங்கே அந்தப் பிள்ளையின் முதுகில் விழும் என்பதுதான் பயம்.

ஒரு ஞாயிறு பின்நேரம் இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். மூத்தவர் குணசேகரம். சங்கத்து விழாக்களில் மேடைக்குப் பக்கத்தில் எப்போதும் நிற்பவர், இயக்கத்தின் ஆள் என்று எல்லோருக்கும் தெரிந்தவர். மற்றவன் இளையவன், பெயர் சொல்லவில்லை. சப்பாத்தைக் கழற்றி வெளியே ஒழுங்காக வைத்துவிட்டு வந்தார்கள். தேத்தண்ணி வேண்டுமா என்று லோறன்ஸ் கேட்டார். குடிப்போம் என்றார்கள்.

குணசேகரம் நெடுநேரம் பாட்டைப் பற்றியே பேசினார். மீனவர் பாட்டைத் தன் வீட்டில் எல்லோரும் மனப்பாடமாகப் பாடுகிறார்கள் என்றார். வெள்ளை வான் பாட்டை ஜெர்மன் மொழியில் மாற்றி எல்லா இடமும் கொடுக்கவேண்டும் என்றார். ஜசிந்தா தட்டைப் பிடித்தபடி நின்றாள், வைக்க மறந்துவிட்டாள்.

“அம்மா செத்தபோது நீங்கள்தான் பாடினீங்கள் அக்கா. நான் மறக்கேல்லை. அந்த உரிமையிலதான் கேக்கிறன். நாலாவது பாட்டு மட்டும் வேண்டாம்.”

“அது ஒரு தாயின்ர பாட்டு, தம்பி.”

“ஓம். அதை எதிரி எடுத்துப் பாவிப்பான். உங்களுக்கு அரசியல் தெரியாது.” அவர் கோப்பையை மெல்லக் கீழே வைத்தார். “உங்கட அக்கா அங்காலதானே இருக்கிறா? மகள் ஒருத்தி இப்ப எங்களோடதான் எண்டு கேள்விப்பட்டன். சுகமா இருக்கிறாவோ?”

ஜசிந்தா அப்போதுதான் தட்டை மேசையில் வைத்தாள். சுகமாக இருக்கிறாள் என்று பதில் சொன்னவர் லோறன்ஸ். வந்தவர்கள் எழும்பி, கும்பிட்டு, சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போனார்கள். இளையவன் கதவைச் சத்தம் கேட்காமல் சாத்தினான்.

பொலிசுக்குப் போகலாமா என்று அன்றைக்கு லோறன்ஸ் யோசித்தார். போய் என்ன சொல்வது? வந்தார்கள், தேத்தண்ணி குடித்தார்கள், பாட்டைப் பாராட்டினார்கள், பிள்ளையின் சுகம் கேட்டார்கள். இதில் எது குற்றம்? அவர் கலகலப்பாகப் பேசுகிற மனிதர் அல்ல. அன்று மேசையில் இருந்து எழும்பாமல், “பாட்டுப் பெரிசோ, பிள்ளை பெரிசோ, நீயே சொல்லு” என்றார்.

“பிள்ளைக்காகத்தான் பாட்டு.”

“பிள்ளையைக் கேட்டனீயோ?”

பிள்ளையைக் கேட்க வழியில்லை. பிள்ளையின் தாயைக் கேட்கலாம்.

பிலோமினாவைத் தொலைபேசிக் கடைக்கு வரவழைக்க இரண்டு வாரம் எடுத்தது. இணைப்புக் கிடைத்ததும் இருவரும் முதலில் வழக்கம்போலச் சுகம் விசாரித்தார்கள்.  எப்படிக் கேட்பது என்று பல நாள் யோசித்து வைத்திருந்ததை ஜசிந்தா மெல்லச் சொன்னாள்.

“அக்கா, நான் அந்தப் பள்ளிக்கூடத்தைப் பற்றி ஒரு பாட்டுப் படிச்சிருக்கிறன். வெளியில விடவோ?”

பிலோமினாவுக்குப் பின்னால் யாரோ இருமினார்கள்.

“பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கதைச்சால் வாத்திமார் பிள்ளையிலதான் கோவிப்பினம், ஜசி.”

“அப்ப வேண்டாம் அக்கா. படிக்கேல்லை.”

“படிக்காமல் விடாத.” இதைச் சொன்னபோது பிலோமினாவின் குரல் மாறிவிட்டது. யார் கேட்டாலும் கேட்கட்டும் என்பது போல. “நான் இஞ்சை அழவும் ஏலாது. நீ படி.”

பேசி முடித்த பிறகு ஜசிந்தா வெகுநேரம் தொலைபேசிக்குப் பக்கத்தில் நிலத்தில் உட்கார்ந்திருந்தாள். பாடவும் கூடாது, பாடாமலும் இருக்கக் கூடாது. இந்த இரண்டையும் ஒரே வாயால் எப்படிச் செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அடுத்த கிழமை தபோதரனின் ஒலிப்பதிவு அறைக்குப் போனாள். நாலாவது பாட்டை அழித்துவிடச் சொல்லத்தான் போனாள். தபோதரன் குரலை மட்டும் எடுத்துவிட்டு, எப்படி இருக்கிறது என்று பார்க்க இசையைத் தனியே ஓடவிட்டார். ஹார்மோனியமும் மெல்லிய தாளமும் வந்தன. சொற்கள் இருந்த இடமெல்லாம் வெறுமையாகக் கிடந்தது. ஜசிந்தா வாயை இறுக மூடிக்கொண்டு நின்றாள். பல்லைக் கடித்திருந்தாள். தொண்டையில் இருந்து சத்தம் அப்படியும் வந்தது. ‘ம்’ என்ற ஒரே ஒலி, மெட்டோடு ஏறி இறங்கியது. தபோதரன் இசையை நிறுத்தக் கையை நீட்டினார். அவள் வேண்டாம் என்று தலையசைத்தாள்.

“சொல்லை எடுத்துவிடுங்கோ தம்பி. மெட்டை இருக்க விடுங்கோ. நான் வாய் திறக்கேல்லை. ஆரும் கேட்டால் அப்பிடியே சொல்லலாம்.”

இறுவட்டு அப்படித்தான் வந்தது. ஏழு பாட்டுகளுக்குச் சொல் இருந்தது. நாலாவதற்கு மட்டும் முணுமுணுப்பு. அதற்குப் பெயரும் வைக்கவில்லை.

வெளியீடு சித்திரை மாதம், எசனில் ஒரு தேவாலய மண்டபத்தில். ஜெர்மன் கொஸ்பல் குழுவும் வந்திருந்தது. தமிழ்ச் சனம் பாதி மண்டபத்தை நிரப்பியிருந்தது. குணசேகரம் மனைவியோடு முன்வரிசையில் இருந்தார். அவரைக் கண்டதும் ஜசிந்தா குழு நின்ற பக்க அறைக்குள் போய், குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினாள். வீட்டுக்குப் போய்விடலாம் என்று லோறன்ஸிடம் சொன்னாள். லோறன்ஸ் அவளுடைய கோட்டைக் கையில் வைத்திருந்தார். போவதென்றால் போவோம் என்றார். அவள் கோட்டைப் பார்த்தாள், எடுக்கவில்லை.

முதல் மூன்று பாட்டும் எப்படிப் போயின என்று அவளுக்குப் பிறகு ஞாபகம் இல்லை. கைதட்டினார்கள். வெள்ளை வான் பாட்டுக்குக் குணசேகரமும் எழுந்து நின்று கைதட்டினார். பிறகு ஹார்மோனியம் நாலாவதைத் தொடங்கியது. மண்டபத்தில் பலருக்கு ஏற்கெனவே அந்தப் பாட்டின் விசயம் தெரிந்திருந்தது; சொல் ஏதும் வருகிறதா என்று காத்திருந்தார்கள். ஜசிந்தா வாயை மூடிக்கொண்டு தொடங்கினாள்.

முதல் அடியில் குரல் உடைந்துவிட்டது. இடறி நின்றது. ஹார்மோனியம் மட்டும் போய்க்கொண்டிருந்தது. அப்போது பின்வரிசையில் இருந்து யாரோ அதே மெட்டை எடுத்தார்கள். புஸ்பவதி. அவளுக்குச் சுருதி சேராது. எந்தப் பாட்டையும் ஒழுங்காகப் பாட வராது. வாயை மூடிக்கொண்டு, கண்ணைத் திறந்துகொண்டு, மூக்கால் இழுத்தாள். அவளுக்குப் பக்கத்தில் ஒரு பெண், பிறகு மண்டபத்தின் அந்தப் பக்கத்தில் ஒரு பெண். அந்தப் பெண்களின் ஊர் வீடுகளில் இருந்தும் பிள்ளைகள் போயிருந்தார்கள் என்று ஜசிந்தா அதுவரை அறிந்ததில்லை. ஒருவரும் வாய் திறக்கவில்லை. யார் பாடுகிறார்கள் என்று பார்த்துச் சொல்ல முடியாது.

ஜசிந்தா மீண்டும் சேர்ந்துகொண்டாள். முன்வரிசையைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தும் பார்த்தாள். குணசேகரத்தின் மனைவி நேராகப் பார்த்தபடி இருந்தாள். உதடு ஒட்டியிருந்தது. தொண்டை அசைந்துகொண்டிருந்தது. குணசேகரம் தலையைத் திருப்பி மனைவியைப் பார்த்தார். பிறகு குனிந்து தன் கைகளைப் பார்த்தார். பாட்டு முடிகிற வரை அவர் நிமிரவில்லை. தேத்தண்ணிக்கு நிற்காமல் இருவரும் போய்விட்டார்கள்.

அன்றைக்கு ஜசிந்தாவுக்குச் சந்தோஷம் வரவில்லை. இனி என்ன நடக்குமோ என்பதுதான் வந்தது. கொஞ்சம் கொஞ்சமாக நடக்கத்தான் செய்தது. தமிழ்க் கடைகள் இறுவட்டுக் கட்டை அப்படியே திருப்பி அனுப்பின. ஒரு கடைக்காரர் மட்டும் கேட்கிறவர்களுக்கு உள்ளே இருந்து எடுத்துக் கொடுத்தார். கலியாணங்களுக்குக் கூப்பிடுவது நின்றது. தமிழ்ப் பூசைக் குழுவில், கொஞ்ச நாள் ஓய்வெடுங்கள் என்று அன்பாகச் சொன்னார்கள். தபோதரனுக்கும் வேலை குறைந்தது. அவர் ஒருபோதும் அதைப் பற்றி அவளிடம் பேசவில்லை. தெரியாத எண்ணில் இருந்து அழைப்பு மட்டும் வரவில்லை. அது ஏன் வரவில்லை என்பதும் அவளுக்குப் பயமாகவே இருந்தது. ஜெர்மன் குழுவோடு பாடப் போனாள், வந்தாள்.

அடுத்த மாரியில் வன்னியோடு தொடர்பு முற்றாக அறுந்தது. அந்த மாதங்களைப் பற்றி அவள் பிறகு யாரிடமும் விரித்துச் சொன்னதில்லை. தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்து, ஓடுகிற சனத்துக்குள் இரண்டு முகங்களைத் தேடினாள். சலவைப் பகுதியில் விரிப்புகளை மடித்தபடி அழுதாள். மேற்பார்வையாளர் வீட்டுக்குப் போகச் சொன்னாலும் போகவில்லை. வீட்டில் தொலைபேசி இருந்தது. தான் பாடியதால்தான் அனிற்றாவை முன்னரங்குக்கு அனுப்பிவிட்டார்களோ என்ற எண்ணம் அவளைத் தின்றது. அதற்கு ஆமென்றோ இல்லையென்றோ சொல்ல ஆள் இல்லை. இன்றுவரைக்கும் இல்லை.

போர் முடிந்து, கோடையில், முகாம் ஒன்றில் இருந்து பிலோமினா இரவல் தொலைபேசியில் பேசினாள். உயிரோடு இருந்தாள். அனிற்றாவும் இருக்கிறாள், இராணுவம் வேறிடத்தில் தடுத்து வைத்திருக்கிறது, ஒரு காதில் கேட்காது என்றாள். நத்தார்ப் பண்டிகைக்குச் சில கிழமை முன்பு பிள்ளையைத் தாயிடம் விட்டார்கள்.

முதல் தடவை பேசியபோது அனிற்றாவின் குரலை ஜசிந்தாவுக்கு அடையாளம் தெரியவில்லை. பெரிய பெண்ணின் குரல். கேட்க நினைத்தது ஒன்றையும் அவள் கேட்கவில்லை. இணைப்பில் இடைக்கிடை ‘கிளிக்’ என்று ஒரு சத்தம் வந்தது. யாரோ கேட்கிறார்கள். இப்போது கேட்பவர்கள் வேறு ஆட்கள், அரசாங்கத்தின் ஆட்கள்.

“ஏன் சின்னம்மா கதைக்காமல் நிக்கிறீங்கள்?” என்று அனிற்றா கேட்டாள்.

“சத்தம் ஒண்டு கேக்குது, பிள்ளை.”

“அது எப்பவும் அப்பிடித்தான். நீங்கள் கதையுங்கோ. அங்கை இப்ப குளிரோ?”

ஜசிந்தா யன்னல் பக்கம் திரும்பினாள். வெளியே பனி கொட்டியிருந்தது. ஓம், சரியான குளிர் என்றாள். காலையில் ட்ராம் ஓடவில்லை என்றும், லோறன்ஸ் நடந்தே வேலைக்குப் போனார் என்றும், சறுக்காமல் இருக்கத் தெருவுக்கு உப்புப் போடுகிறார்கள் என்றும் சொன்னாள். தெருவுக்கு உப்போ என்று அனிற்றா கேட்டாள். ‘கிளிக்’ சத்தத்தைப் பொருட்படுத்தாமல், ஓம், பெரிய வாகனத்தில் கொண்டுவந்து கொட்டுவார்கள் என்று சொல்லத் தொடங்கினாள் ஜசிந்தா.